அப்பாவோட கல்ச்சர் ரிப்போர்ட் பூரா 'ஆர் ஆர் ஆர்'னு வந்துருக்கு, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வைகைக்கரையான் | செவ்வாய், இரவு 11:42

கொஞ்சம் பெருசா எழுதுறேன் மன்னிக்கணும், ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒக்காந்து ஃபோன்ல அடிக்கிறேன். அப்பாவுக்கு 71 வயசு, சோழவந்தான் பக்கம் எங்க ஊரு. கெணத்து மேட்டுல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு மதுரையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஆபரேசன் முடிஞ்சு இன்னையோட 17 நாளு. மொத மூணு நாளு ஐசியூ, அப்புறம் ரூமு. ஒண்ணுக்குப் போறதுக்குப் போட்ட டியூப் போட்டபடியே இருக்கு. காய்ச்சல் இல்ல, வலி இல்ல, நல்லாத்தான் பேசுறாரு, நேத்துகூட கேன்டீன் சட்னி வாயில வைக்க முடியலன்னு சண்டை போட்டாரு.

சனிக்கெழம பேக்ல யூரின் கலங்கலா இருக்குன்னு கல்ச்சருக்கு (கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்டு) அனுப்புனாங்க, இன்னைக்குச் சாயங்காலம் ரிப்போர்ட்டு. க்ளெப்சியல்லா நிமோனியேன்னு ஒரு கிருமி, எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேலன்னு போட்டு கீழ வரிசையா மருந்து பேரு. செஃப்ட்ரியாக்சோன் ஆர், பைப்பராசிலின் டாஸோபாக்டம் ஆர், அமிக்காசின் ஆர், மெரோபெனெம் ஆர்... கடைசியில கோலிஸ்டின்னு ஒண்ணுக்கு மட்டும் 'ஐ'. டூட்டி டாக்டர் சின்ன வயசு, பாத்துட்டு மொகம் மாறிருச்சு அவருக்கு. கோலிஸ்டின் போட வேண்டி வரலாம், கிட்னியப் பாத்துத்தான் போடணும், காலையில பெரிய டாக்டர் வந்து சொல்வாருன்னு போயிட்டாரு.

நிமோனியான்னா நெஞ்சுல வர்றதுதான, அது எப்படி யூரின்ல வந்துச்சு? எங்க மச்சான் வேற "மாமா ஒடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு, இனிமே எந்த மருந்தும் கேக்காது"ன்னு சத்தமாச் சொல்லிட்டாப்ல, அம்மா அதுல இருந்து அழுதுக்கிட்டு இருக்கு. அப்படித்தானா?

மாட்டுத்தாவணி மைனர் | இரவு 11:58

தைரியமா இருங்க தம்பி. ஆர்னா ரெசிஸ்டன்ட், அந்த மருந்து கேக்காதுன்னு அர்த்தம். இந்த இங்கிலீஷ் மருந்த அள்ளி அள்ளிப் போட்டா இப்படித்தான் ஆகும். எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு நெலவேம்பும் நெருஞ்சியும் காச்சிக் குடுங்க, ஒண்ணுக்கு தெளிஞ்சுரும். எங்க பாட்டி 94 வரைக்கும் ஒரு ஊசி போட்டதில்ல.

கல்ச்சர்தட்டு | புதன், காலை 5:20

மைனர் அண்ணே, ஆபரேசன் முடிஞ்ச மனுசனுக்கு அதெல்லாம் டாக்டர்ட்ட சொல்லாம குடுக்கச் சொல்லாதீங்க.

தம்பி, நான் மைக்ரோபயாலஜி லேப்ல 19 வருசமா கிருமி வளக்குற தட்டு பாக்குறேன், டாக்டர் கெடையாது. மொதல்ல அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, ஒங்க மச்சான் சொன்னது தப்பு. ஆர் போட்டது அப்பா ஒடம்புக்கு இல்ல, அந்தக் கிருமிக்கு. மருந்துக்குப் பழகுறது கிருமிதான், மனுசன் இல்ல. அப்பாவுக்கு நாளைக்கே வேற கிருமியால வேற நோய் வந்தா சாதாரண மருந்தே கேக்க வாய்ப்பிருக்கு.

நிமோனியேங்கிறது அதோட பேரு மட்டும். மொதல்ல நெஞ்சு சளியில கண்டுபுடிச்சதால அப்படி வச்சுட்டாங்க. அது பாட்டுக்கு நம்ம கொடல்லயே சாதுவா குடியிருக்கிற ஜாதி. டியூப் வழியா மூத்திரப்பைக்குள்ள ஏறும், வென்டிலேட்டர் வழியா நெஞ்சுக்குள்ள ஏறும், எங்க வழி கெடைக்குதோ அங்க.

கோலிஸ்டினுக்கு 'ஐ'ன்னு, அதாவது நடுத்தரம்னு, பாத்து பயப்படாதீங்க. எங்க லேப் எல்லாம் பாக்குற அமெரிக்க விதிப்புத்தகத்துல 2020ல இருந்து கோலிஸ்டினுக்கு 'எஸ்'ங்கிற (மருந்து நல்லாக் கேக்கும்கிற) எழுத்தையே எடுத்துட்டாங்க. ஐ இல்லேன்னா ஆர், ரெண்டுதான். இருக்கிறதுல நல்ல மார்க்கே ஐதான். ஏன்னா அந்த மருந்து அப்படி. 1949ல ஜப்பான்ல மண்ணுக் கிருமியில இருந்து எடுத்தது, கிட்னியக் கெடுக்குதுன்னு 70கள்ல ஓரங்கட்டி வச்சிருந்தாங்க, வேற வழியில்லாமப் போனதும் பரண்ல இருந்து எறக்கிட்டு வந்துருக்கு.

இப்ப ஒரு முக்கியமான கேள்வி. சாம்பிள் எங்க இருந்து எடுத்தாங்கன்னு பாத்தீங்களா? டியூப்ல ஊசி போட்டு எடுத்தாங்களா, இல்ல கீழ தொங்குற பேக்ல இருந்து புடிச்சாங்களா?

வைகைக்கரையான் | காலை 6:05

பேக்ல இருந்துதான்க்கா. கீழ ஒரு குழாய் மாதிரி இருக்குமே அதத் தொறந்து டப்பாவுல புடிச்சாங்க, நான்தான் டப்பா மூடியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் லேப் ஆள் வர்ற வரைக்கும் ஜன்னல் ஓரமா ரொம்ப நேரம் இருந்துச்சு, வெயில்ல.

கோரிப்பாளையம் குசும்பன் | காலை 6:11

அது யூரின் கல்ச்சர் இல்லங்க, மதுரை வெயில் கல்ச்சர்

கல்ச்சர்தட்டு | காலை 6:30

குசும்பன் வெளாட்டாச் சொன்னாலும் அதுதான் விசயம். பேக்ல மணிக்கணக்கா தேங்கி நிக்கிற யூரின்ல கிருமி பெருகத்தான் செய்யும், இ.கோலி மாதிரிக் கிருமி நல்ல சூடும் தீனியும் கெடைச்சா 20 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டாகும். டியூப்ல அதுக்குன்னு இருக்கிற எடத்துல சுத்தம் பண்ணி ஊசியில உறிஞ்சணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு வரணும் இல்லேன்னா ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். ரெண்டு வாரத்துக்கு மேல ஆன டியூப்னா அதைக் கழட்டி, இன்னும் தேவைன்னா புதுசு போட்டு அதுல இருந்து எடுக்கணும். பழைய டியூப் உள்பக்கம் கிருமி பாசி மாதிரி படிஞ்சிருக்கும், படித்தொறையில கால் வழுக்குமே அந்தப் பாசி, அதைச் சொரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணுன மாதிரி ஆயிரும்.

இன்னொண்ணு. ஒரு மாசம் டியூப் இருந்தா கிட்டத்தட்ட எல்லாருக்குமே யூரின்ல கிருமி வரும். கிருமி இருக்கிறது வேற, நோய் இருக்கிறது வேற. காய்ச்சல், நடுக்கம், அடிவயித்து வலி, திடீர்னு பெனாத்துறது எதுவும் இல்லாம வெறும் கலங்கலுக்கும் நாத்தத்துக்கும் ஆன்டிபயாடிக் போடக்கூடாதுன்னுதான் இன்ஃபெக்சன் டாக்டர்கள் சொல்வாங்க. சட்னிக்குச் சண்டை போடுற ஆளுன்னு எழுதிருக்கீங்க. பெரிய டாக்டர்ட்ட மூணு கேளுங்க: அப்பாவுக்கு இன்ஃபெக்சன் இருக்கா இல்ல கிருமி சும்மா குடியிருக்கா, டியூப் இன்னும் தேவையா, சாம்பிள் திருப்பி எடுக்கலாமா. சண்டையாக் கேக்காதீங்க, சந்தேகமாக் கேளுங்க. ஆனா காய்ச்சலோ குளிரோ வந்துச்சுன்னா இந்தப் பேச்செல்லாம் ஓரமா வச்சுட்டு உடனே சொல்லிருங்க, அப்ப ஒரு நிமிசம் தாமதம் கூடாது.

மாத்திரைக்கடை | காலை 9:15

உசிலம்பட்டி ரோட்டுல மெடிக்கல் வச்சிருக்கேன். உண்மையச் சொல்லிறேன், யாரும் வையாதீங்க. காய்ச்சல்னு வந்தா "ரெண்டு வேளைக்கு செட்டு மாத்திரை குடுண்ணே"ன்னுதான் கேப்பாக. கலர் கலரா நாலஞ்சு மாத்திரையக் கத்தரிச்சு காகிதத்துல மடிச்சுக் குடுப்போம், அதுல ஒண்ணு ஆன்டிபயாடிக்கா இருக்கும். ரெண்டே வேளைக்கு ஆன்டிபயாடிக்கு! சளிக்காய்ச்சல் முக்காவாசி வைரசு, அதுக்கு அது கேக்கவே கேக்காது, தானாச் சரியாப் போறதுக்கு எங்களுக்குப் பேரு. 2014 மார்ச்ல இருந்து எச்1 சட்டம்னு ஒண்ணு இருக்கு, செஃபிக்சிம் லிவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகளுக்கு சீட்டு வேணும், தனி நோட்டுல நோயாளி பேரு டாக்டர் பேரு எழுதி மூணு வருசம் வச்சிருக்கணும். நோட்டு எல்லாரு கடையிலயும் இருக்கு. அதுக்கு மேல கேக்காதீங்க.

மாட்டுத்தாவணி மைனர் | காலை 9:22

பாத்தீங்களா ஒத்துக்கிட்டாரு. இவுகளாலதான் ஊரு நாசமாப் போகுது. இதுல வேற நெலவேம்பக் குத்தம் சொல்றாய்ங்க.

மாத்திரைக்கடை | காலை 9:50

அண்ணே நான் குடுக்கலேன்னா அடுத்த கடை குடுக்கும், அந்த ஆளு அப்புறம் சோப்பு வாங்கக்கூட என் கடைக்கு வர மாட்டாரு. ஒரு தடவ ஒரு அம்மாட்ட பேத்திக்கு டாக்டரப் பாத்துட்டு வாங்கன்னு சொன்னேன், "ஒனக்கு வெவரம் தெரியாதா, அப்புறம் எதுக்குக் கட வச்சிருக்க"ன்னு தெரு கூடுற மாதிரி வஞ்சுட்டுப் போயிருச்சு. கம்பத்துல எங்க சித்தப்பா மகன் கட வச்சிருக்கான், குமுளி தாண்டுனா கதை வேறங்கிறான். கேரளாவுல 2024ல இருந்து சீட்டில்லாம ஆன்டிபயாடிக் விக்கிற கடைகள்ல அதிரடியா சோதனை போடுறாங்க, ஆபரேசன் அம்ரித்னு பேரு, ஆன்டிபயாடிக்க நீலக்கலர் கவர்ல போட்டுக் குடுக்கணும்னு வேற கொண்டாந்தாங்க. எல்லாக் கடையும் ஒண்ணாத் திருந்துனா எனக்கும் சொகம்தான். பயம் என்னன்னா ஃபரோபெனெம்னு மெரோபெனெம் குடும்பத்துக்குச் சொந்தக்கார மருந்து நம்ம நாட்டுல வாயில போடுற மாத்திரையாவே கெடைக்குது, ஐசியூவுக்குன்னு வைக்க வேண்டிய சாமான் கவுன்ட்டர்ல ஒக்காந்திருக்கு.

பண்ணைக்காரன் | காலை 11:30

மெடிக்கல் கடைய மட்டும் ஏன் சொல்றீங்க. வாடிப்பட்டிப் பக்கம் கறிக்கோழி வளக்குறேன், கம்பெனிக்குக் கூலிக்கு. முன்னாடி தீவனத்துலயே கோலிஸ்டின் கலந்து வரும், நோய்க்கு இல்ல, கோழி வெரசா எடை போடுறதுக்கு. 2019 ஜூலையில மத்திய அரசு தீவனத்துல கலக்கவே கூடாதுன்னு தடை போட்டுருச்சு. மனுசனுக்குக் கடைசியா வச்சிருக்கிற மருந்தக் கோழிக்கு கொழுப்பேத்தப் போட்டுருக்கோம்னு பேப்பரப் பாத்துத்தான் எனக்கே தெரியும், அது வரைக்கும் வைட்டமின்னு நெனச்சேன்.

கல்ச்சர்தட்டு | மதியம் 1:10

அந்தத் தடை நல்ல காரியம்ண்ணே. ஆனா பழி பூராத்தையும் கோழி தலையில போடவும் முடியாது. 2015ல சீனாவுல பன்னிகிட்டயும் கறியிலயும் மனுசங்ககிட்டயும் எம்சிஆர்-1னு ஒரு ஜீன் கண்டுபுடிச்சாங்க, அது கோலிஸ்டின் எதிர்ப்ப ஒரு கிருமிகிட்ட இருந்து இன்னொண்ணுக்குக் கைமாத்தும். நம்ம ஆஸ்பத்திரி க்ளெப்சியல்லாவுல அதைவிட அதிகமாப் பாக்குறது எம்ஜிஆர்-பின்னு ஒரு ஜீன் கெட்டுப்போறது. அந்த ஜீன் நல்லா இருந்தா கிருமியக் கட்டுக்குள்ள வச்சிருக்கும், ஒரு பிரேக்கு மாதிரி. கோலிஸ்டின் அதிகமா ஓடுற வார்டுல அந்த பிரேக் அறுந்த கிருமிதான் பொழைக்கும்.

கோரிப்பாளையம் குசும்பன் | மதியம் 1:14

எம்ஜிஆரா? எம்ஜிஆர் இருந்தா கட்டுக்குள்ள இருக்கும் இல்லேன்னா அவனவன் ஆடுவான். இத 1980ல மதுரை மேற்குல ஓட்டுப் போட்ட எங்க தாத்தா அப்பவே சொன்னாரு

கல்ச்சர்தட்டு | மதியம் 1:40

சிரிச்சுட்டேன், பக்கத்து டேபிள்ல திரும்பிப் பாக்குறாங்க.

மெரோபெனெம் கதைதான் பெரிய கதை. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நாடு பூராம் பெரிய ஆஸ்பத்திரிகள்ல கணக்கெடுத்து வருசா வருசம் வெளியிடுது, அதுல மெரோபெனெமோட அண்ணன் தம்பி மருந்து இமிபெனெம், அது 2016ல க்ளெப்சியல்லாவுல 65 சதவீதத்துக்குக் கேட்டுருக்கு, 2021ல 43. அஞ்சே வருசத்துல. இதுக்கு முக்கியமான காரணம் அந்த மருந்தையே கடிச்சுத் துண்டாக்குற என்சைம். அதுக்கான ஜீன் பிளாஸ்மிட்னு ஒரு சின்ன வளையத்துல இருக்கும், கிருமியும் கிருமியும் ஒட்டி நின்னா அதை ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துரும், ஜாதி வித்தியாசம் கெடையாது, க்ளெப்சியல்லா இ.கோலிக்குக் குடுக்கும். ஒரே வளையத்துல அஞ்சாறு மருந்துக்கான எதிர்ப்பு சேந்தே இருக்கும், அதனாலதான் ரிப்போர்ட்டுல வரிசையா ஆர் விழுது.

காட்டுல களைக்கொல்லி அடிச்சா புல்லு பூண்டெல்லாம் கருகி சீமைக்கருவேலம் மட்டும் நிக்கும்ல, மத்ததெல்லாம் போனதால தண்ணியும் எடமும் அதுக்கே. கொடல்ல நடக்குறதும் அதேதான். தேவையில்லாத ஆன்டிபயாடிக் நல்ல கிருமியக் கொன்னு இதுக்கு எடம் விட்டுக் குடுத்துரும்.

அழகர்கோவில் ரோடு | மதியம் 2:25

அந்த என்சைமுக்குத்தான நியூ டெல்லி பேரு வச்சாய்ங்க? நம்ம நாட்ட அசிங்கப்படுத்தணும்னே வச்சது.

கல்ச்சர்தட்டு | மதியம் 3:05

ஆமா, என்டிஎம்-1. 2008ல ஸ்வீடன்ல ஒரு நோயாளி, நம்ம நாட்டு வம்சாவளி, டெல்லியில ஆஸ்பத்திரியில இருந்துட்டுப் போனவரு, அவரு சாம்பிள்ல மொதல்ல தெரிஞ்சதால அந்தப் பேரு. 2010ல லான்செட் குழும மருத்துவ இதழ்ல பெரிய கட்டுரை வந்தப்பதான் பார்லிமென்ட் வரைக்கும் சத்தம். ஆனா அந்தக் கட்டுரையில மொத பேரே மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளரோடதுதான், சென்னை சாம்பிளும் அதுல இருந்துச்சு. பேருக்குக் கோவப்பட்ட அளவுக்கு விசயத்துக்குக் கோவப்பட்டிருக்கலாம்னு எனக்கு அப்பவே ஆதங்கம். பேருன்னு பாத்தா நம்மூர் பேர்லயே 'மதுரா ஃபுட்'னு ஒரு கால் நோய் 1840கள்ல இருந்து ஒலகம் பூராம் டாக்டர் புத்தகத்துல இருக்கு, அதை உண்டாக்குற ஒரு பூஞ்சைக்கு மதுரெல்லான்னே பேரு. யாரும் கொடி புடிக்கல.

நைட்டூட்டி | மாலை 6:48

நான் ஸ்டாஃப் நர்ஸ், ஐசியூ, இப்பதான் எந்திரிச்சேன். எல்லாரும் மருந்தப் பத்தியே பேசுறீங்க, கையப் பத்தி ஒருத்தரும் பேசல. அந்தக் கிருமிக்கு றெக்கை கெடையாது. ஒரு பெட்ல இருந்து அடுத்த பெட்டுக்கு எங்க கையிலயும் ஒங்க கையிலயும் சவாரி பண்ணித்தான் போகுது. எங்க பக்கத்துத் தப்பும் இருக்கு, ராத்திரியில ஒரு ஆளு ஆறேழு பெட் பாக்கும்போது ஒவ்வொருத்தரத் தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கையில சானிடைசர் தேய்க்க 20, 30 செகண்டு இருக்கே, அது முழுசாக் கெடைக்கிறதில்ல, கெடைக்கலேன்னு சொல்லித் தப்பிக்கவும் கூடாது.

ஆனா நம்ம சனங்க! ஊர்ல ஒருத்தரு படுத்துட்டா வேன் புடிச்சுக் கெளம்பி வந்துர்றாக. பதினஞ்சு பேரு, ஆப்பிள் ஆரஞ்சு ஹார்லிக்ஸ். வந்தவுக பெட்டு மேலயே ஒக்காந்து, நெத்தியத் தொட்டுப் பாத்து, டியூபத் தூக்கிப் பாத்து "எம்புட்டு எறங்கிருக்கு"ன்னு பேக்க அமுக்கிப் பாத்து, அதே கையோட பக்கத்து பெட்டு ஆளுகிட்ட "நீங்க எந்த ஊரு"ன்னு போயி கையப் புடிச்சுக்கிறாக. தடுத்தா "நலம் விசாரிக்க வந்தவுகள வெரட்டுது பாரு"ன்னு என்னைய வைவாக. பாசம்தான், இல்லேங்கல. வாசல்ல கைய கழுவிட்டு ஒருத்தர் ஒருத்தரா வந்து தள்ளி நின்னு பேசுங்களேன்.

தம்பி, அப்பா பேக்க தரையில வைக்காதீங்க, பெட்டு மேலயும் தூக்கி வைக்காதீங்க, ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போகும்போது வயித்து மேல வைப்பாங்க அட்டெண்டருங்க, விடாதீங்க, யூரின் திரும்பி உள்ள போயிரும். இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையத் தொடக்கூடாது, டியூப் மடங்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல தெனமும் காலையில "டியூப் இன்னைக்கும் வேணுமா"ன்னு கேளுங்க. பல பேருக்கு அது மறந்துபோயித்தான் கெடக்கும்.

வைகைக்கரையான் | இரவு 10:20

எல்லாருக்கும் கும்புடு. பெரிய டாக்டர் காலையில வந்தாரு. அக்கா சொன்ன மூணையும் பேப்பர்ல எழுதி வச்சுக் கேட்டேன், யாரு சொல்லிக் குடுத்தான்னு சிரிச்சாரு, கோவப்படல. அப்பா வயித்த அமுக்கிப் பாத்தாரு, சார்ட்டுல டெம்பரேச்சர் பாத்தாரு, ரத்த டெஸ்ட் பாத்தாரு. "ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பாக்கக் கூடாது, ஆளுக்குத்தான் பாக்கணும்"னுட்டு கோலிஸ்டின் வேணாம்னுட்டாரு. டியூப மத்தியானமே கழட்டியாச்சு. ரெண்டு மணி நேரம் ஒண்ணுக்கு வரல, நாங்க பதறிட்டோம், அப்புறம் கொழாயத் தொறந்துவிட்ட சத்தம் கேட்டதும் வந்துருச்சு. சாம்பிளும் புதுசா எடுத்து அனுப்பிருக்காங்க.

இதுல ஒரு சண்டையும் ஆச்சு. நைட்டூட்டி அக்கா சொன்னத மனசுல வச்சு, சாயந்தரம் வந்த பெரியம்மா வீட்டு ஆளுகள வாசல்லயே நிப்பாட்டி கை கழுவச் சொன்னேன். பெரியப்பா "எங்க கை என்ன அசிங்கமா"ன்னு திரும்பி பஸ்சேறப் போயிட்டாரு. அம்மா என்கூடப் பேசல.

சமயநல்லூர் வாத்தியார் | வியாழன், காலை 7:02

பெரியப்பா வருவாரு, கவலப்படாதீங்க. எனக்கொரு சந்தேகம், ஆன்டிபயாடிக்க பாதியில நிப்பாட்டுறதாலதான் இந்த எதிர்ப்பு வருதுன்னு நான் பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்துருக்கேன். சரிதானா?

கல்ச்சர்தட்டு | காலை 8:15

டிபிக்கு நூத்துக்கு நூறு சரி சார், அது மாசக்கணக்குல முடிச்சே ஆகணும். மத்த எல்லாத்துக்கும் அப்படியே சொல்ல முடியாது. எத்தனை நாள் மருந்து ஒடம்புல ஓடுதோ அத்தனை நாள் கொடல்ல இருக்கிற கிருமிக்கும் பழக்கம் குடுக்குதுன்னு 2017ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரையே வந்து பெரிய வாக்குவாதம் ஆச்சு. இப்ப நெறைய நோய்க்கு முன்னாடியவிட கொறைஞ்ச நாள்தான் எழுதுறாங்க. ஆனா நாள நிர்ணயம் பண்ண வேண்டியது டாக்டரு, நம்மளா நிப்பாட்டுறதில்ல.

மாட்டுத்தாவணி மைனர் | காலை 8:40

அப்ப அந்தக் கோலிஸ்டினும் கேக்காத கிருமின்னா என்னதான் பண்ணுவாக? சும்மா கேக்குறேன்.

கல்ச்சர்தட்டு | காலை 9:10

செஃப்டாசிடைம்-அவிபாக்டம்னு ஒரு மருந்து இருக்குண்ணே, அது தனியாப் போனா என்டிஎம்கிட்ட தோத்துரும். அஸ்ட்ரியோனம்னு ஒரு பழைய மருந்த என்டிஎம் கடிக்காது, ஆனா கூட இருக்கிற வேற என்சைம் கடிச்சுரும். ரெண்டையும் சேத்துப் போட்டா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காவல் நிக்கும். அப்படித்தான் இப்ப நெறைய உசுரக் காப்பாத்துறாங்க. விலையக் கேட்டா நீங்க நெலவேம்புக்கே திரும்பிருவீங்க.

வைகைக்கரையான் | அடுத்த திங்கள், இரவு 8:30

வீட்டுக்கு வந்தாச்சு. வாக்கர் புடிச்சு திண்ணை வரைக்கும் நடக்குறாரு. புது கல்ச்சர்லயும் அதே கிருமிதான், ஆனா எண்ணிக்கை கம்மி, காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்ல. மருந்து ஒண்ணும் எழுதல. மாசக்கணக்குல கொடல்ல இருக்கலாம், அதுவாக் கொறையும், அடுத்து எந்த ஆஸ்பத்திரியில எதுக்குச் சேத்தாலும் மொதல்ல இந்த ரிப்போர்ட்டக் காட்டணும், அப்பதான் அவங்க தனியா வச்சு, கையொறை போட்டுப் பாப்பாங்கன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. கக்கூஸ் போயிட்டு வந்தா சோப்பு போட்டுக் கழுவுறது அப்பாவுக்கு மட்டும் இல்ல, வீட்டுக்கே சட்டம்.

பெரியப்பா நேத்து வந்தாரு. உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசத் தொட்டியில ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவி, என் மொகத்துக்கு நேரா நீட்டி "போதுமாடா"ன்னாரு.

ரிப்போர்ட்ட அம்மா லேமினேசன் போட்டு ரேசன் கார்டு கவர்ல வச்சிருக்கு. அப்பா எடுத்துப் பாத்துட்டு, இம்புட்டு எழுதிருக்காய்ங்க அந்தச் சட்னியப் பத்தி ஒரு வரி எழுதலையேங்கிறாரு.